எச்.ஐ.வி சிகிச்சைக்கு அரசு நிதி: எம்.பி., எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

நெல்லைச்சீமை (கேள்வி)

வணக்கம். எங்கள் மாவட்டத்தில் எச்.ஐ.வி உள்ளோர் கூட்டமைப்பு ஒன்று எம்.பி.யையும் மூன்று எம்.எல்.ஏ.க்களையும் பார்த்து மனு கொடுக்க இருக்கிறது. எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. வரைவு நாலு பக்கம் வந்துவிட்டது, மொத்தம் 14 கோரிக்கை. எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தடையில்லாமல் கிடைக்க வேண்டும், வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) முடிவு சீக்கிரம் வர வேண்டும், ஏ.ஆர்.டி. மைய ஒப்பந்தப் பணியாளர்களுக்குச் சம்பளம் மாதாமாதம் வர வேண்டும், ஸ்கேன் செலவு, உதவித்தொகை, பிள்ளைகள் படிப்பு என்று போகிறது.

தெரிய வேண்டியவை இவை. எது டெல்லி பணம், எது சென்னை பணம்? எம்.பி. ஒருவர் அமைச்சருக்குக் கடிதம் எழுதுவது தவிர உருப்படியாக என்ன செய்ய முடியும்? எந்த மாதம் போனால் பயன்? தொகுதி நிதியில் மருந்து வாங்கித் தரச் சொல்லலாமா? மனுவில் கையெழுத்துப் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள், அதற்கு என்ன வழி?

பட்ஜெட்_பித்தன்

முதல் வேலையாக அந்த 14-ஐ இரண்டாகப் பிரியுங்கள். எம்.பி.க்கு ஒரு பக்கம், எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பக்கம். ஒரே மனுவை நாலு பேருக்கும் நீட்டினால் எம்.பி. ஆபீசில் "இது மாநில அரசு விஷயம்" என்பார்கள், எம்.எல்.ஏ. ஆபீசில் "இதெல்லாம் சென்ட்ரல் ஸ்கீம்" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை, அதனால்தான் இரண்டு பேரும் சுலபமாகக் கழன்றுகொள்கிறார்கள்.

டெல்லி பணம்: தேசிய எய்ட்ஸ் மற்றும் பால்வினை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் முழுக்க மத்திய அரசின் நிதி. தேசிய சுகாதார இயக்கம் மாதிரி 60க்கு 40 பங்கு இதில் கிடையாது. கூட்டு மருந்து, பரிசோதனைக் கிட், வைரல் லோடு, நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம்) மற்றும் ஏ.ஆர்.டி. மைய ஒப்பந்தப் பணியாளர் சம்பளம், களப்பணி செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கான நிதி எல்லாம் நாகோவில் (டெல்லியின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) தொடங்கி டான்சாக்ஸ் (தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்) வழியாகக் கீழே வருகிறது. மருந்தை மட்டும் நாகோ மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கிப் பொருளாகவே அனுப்புகிறது.

சென்னை பணம்: கட்டடம், அரசு மருத்துவமனையின் மற்ற டாக்டர்கள், சந்தர்ப்பவாதத் தொற்றுகளுக்கான (எதிர்ப்புச் சக்தி குறையும்போது தாக்கும் மற்ற நோய்கள்) மருந்துகளில் பெரும்பகுதி, ஸ்கேன், சிறுநீரகம் கல்லீரல் பார்க்கும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், உதவித்தொகைகள், எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான மாநில அறக்கட்டளை. உங்கள் பட்டியலில் ஸ்கேன், உதவித்தொகை, பிள்ளைகள் படிப்பு மூன்றும் எம்.எல்.ஏ. பக்கம். மற்றதெல்லாம் எம்.பி. பக்கம்.

இப்போது எண்கள். திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு 2021 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை ரூ.15,471.94 கோடி ஒப்புதல் கொடுத்தார்கள். ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 3,094 கோடி. இந்தச் சராசரியை ஓரமாக எழுதி வைத்துக்கொண்டு மத்திய பட்ஜெட்டின் செலவினப் புத்தகத்தை எடுங்கள். சுகாதாரம் மற்றும் குடும்ப நலத் துறையின் மானியக் கோரிக்கையில் (துறை தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் ஆவணம், 2025-26 ஆவணங்களில் எண் 46, ஆண்டுக்கு ஆண்டு எண் மாறலாம், அதனால் மனுவில் துறைப் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்) இந்தத் திட்டத்துக்குத் தனி வரி இருக்கும். அதில் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு எல்லாம் வேறு வேறு பத்தியில் நிற்கும். உண்மைச் செலவு மட்டும் இரண்டு ஆண்டு பின்தங்கி வரும்.

ஐந்து ஆண்டுப் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஒரு வரியை மட்டும் ஒரு தாளில் இறக்குங்கள். பிப்ரவரியில் அறிவித்த தொகைக்கும் அடுத்த பிப்ரவரியில் திருத்திய தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஆயுதம். "நிதியை உயர்த்துக" என்று கேட்டால் "போதிய நிதி வழங்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். "அறிவித்தது இவ்வளவு, திருத்தியது இவ்வளவு, இடைவெளிக்குக் காரணம் என்ன" என்று கேட்டால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

மாதம்: நிதி அமைச்சகம் ஒவ்வொரு அமைச்சகத்துடனும் பட்ஜெட்டுக்கு முந்தைய கூட்டங்களை வழக்கமாக அக்டோபரில் ஆரம்பிக்கும். நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடும் அங்கேதான் பேசப்படுகிறது. ஆக, எம்.பி.யின் கடிதம் சுகாதார அமைச்சரிடம் செப்டம்பருக்குள் போயிருக்க வேண்டும். டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்தன்று போய் நின்றால் மாலை, ரிப்பன், உறுதிமொழி எல்லாம் நன்றாக நடக்கும், எண்கள் அதற்குள் ஏறக்குறைய முடிவாகியிருக்கும்.

அடுத்த வாய்ப்பு பிப்ரவரி. 1ஆம் தேதி பட்ஜெட் வந்ததும் கூட்டத்தொடருக்கு இடைவேளை விடுவார்கள். அந்த இடைவேளையில் சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு (மக்களவை 21 பேர், மாநிலங்களவை 10 பேர்) துறை அதிகாரிகளை உட்காரவைத்து மானியக் கோரிக்கையை வரி வரியாகப் பார்க்கும். குழு ஆண்டுதோறும் மாற்றி அமைக்கப்படும், அந்த ஆண்டு உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். தமிழ்நாட்டு உறுப்பினர் யாராவது இருந்தால் அவர் உங்கள் தொகுதிக்காரரா என்று பார்க்க வேண்டாம், நேராக அவரிடம் போங்கள். குழு அறிக்கையில் எய்ட்ஸ் திட்டத்தைப் பற்றி ஒரு பரிந்துரை ஏறிவிட்டால், அதன்மீது என்ன செய்தோம் என்று அமைச்சகம் மூன்று மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவையில் சுகாதார மானியம் விவாதத்துக்கு வராமலே கடைசி நாளில் மொத்தமாக கில்லட்டினில் (விவாதமின்றி ஒன்றாக வாக்கெடுத்து) நிறைவேறிப் போவது சகஜம், அந்த விவாதத்தை நம்பி உட்கார வேண்டாம்.

மருந்துப்பெட்டி

மேலே சொன்னது டெல்லிக் கணக்கு. அது மட்டும் போனா "உங்க ஊர்ல என்ன பிரச்னை"ன்னு எம்.பி. கேப்பார், அப்போ கையில ஒண்ணும் இருக்காது. சென்டர் அளவுல என்ன எண்ணணும்னு சொல்றேன்.

"மருந்து இல்லை"ன்னு எழுதாதீங்க. அதிகாரி ஸ்டாக் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுவார், அதுல மருந்து இருக்கும். தட்டுப்பாடு வந்தா சென்டர்ல யாரையும் வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. 30 நாளைக்குக் கொடுக்க வேண்டியதை 10 நாளைக்குக் கொடுப்பாங்க, பாட்டிலைப் பிரிச்சு எண்ணி கவர்ல போட்டு. காகிதத்துல இருப்பு பூஜ்யம் ஆகாது. ஆனா கூலி வேலைக்குப் போறவங்க மாசத்துக்கு மூணு தடவை பஸ் ஏறி வரணும், மூணு நாள் கூலி போச்சு. மூணாவது தடவை வராம விட்டா "ஒழுங்கா மருந்து எடுக்கலை"ன்னு அவங்க கார்டுல ஏறும்.

அதனால எண்ண வேண்டியது மருந்து கொடுத்த நாட்களை. ஒரு மாசம் சென்டருக்கு வந்துட்டுப் போறவங்ககிட்ட வெளியில வச்சு நாலே கேள்வி: தேதி, எந்த மருந்து, எத்தனை நாளைக்குக் கொடுத்தாங்க, திரும்ப எப்போ வரச் சொன்னாங்க. பேர் வேண்டாம், ஏ.ஆர்.டி. நம்பர் வேண்டாம், ஊர் வேண்டாம். நூறு வரி சேர்ந்தா போதும், "நூறு பேரில் இத்தனை பேருக்கு 30 நாளுக்குக் குறைவாகத் தரப்பட்டது"ன்னு ஒரு வாக்கியம் எழுதலாம். நிலையா இருக்கறவங்களுக்கு மொத்தமா மூணு மாச மருந்து கொடுக்கற நடைமுறை இருக்கு, அது நம்ம சென்டர்ல எத்தனை பேருக்கு நடக்குதுங்கறதையும் அதே தாள்லயே குறிச்சிடலாம்.

மருந்தைத் தனித்தனியா பிரிச்சுப் பாருங்க. பெரும்பாலானவங்க எடுக்கறது டி.எல்.டி. (டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், ஒரே மாத்திரை, நாளைக்கு ஒண்ணு). இதோட விலை பெருசில்லை. குளோபல் ஃபண்ட் 2023-ல அறிவிச்ச விலையே ஒருத்தருக்கு ஒரு வருஷத்துக்கு 45 டாலருக்குக் கீழதான். நாகோ டெண்டர் விலை வேற, மனுவுல இந்த எண்ணைப் போட்டா அது சர்வதேச விலைன்னு தெளிவா எழுதுங்க. அடிக்கடி இழுபறி ஆகறது, முதல் மருந்து பலிக்காதவங்களுக்குக் கொடுக்கற இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை மருந்துகளும் (அட்டாசனாவிர், டருனாவிர் வகைகள்) குழந்தைகளுக்கான 10 மில்லிகிராம் கரையும் டொலுடெக்ராவிரும்தான். அளவு கம்மி, அதனால டெண்டருக்கு வர்ற கம்பெனியும் கம்மி. ஒரு டெண்டர் தள்ளிப்போனா மறுபடி அழைச்சு, தரம் பார்த்து, லாரி வந்து சேர மாசக்கணக்காகும். அதைத் தாங்கற அளவுக்கு இருப்பு இருக்கணும்னா முன்கூட்டியே பணம் இருக்கணும். நிதிக்கும் தட்டுப்பாட்டுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான், இதை ரெண்டு வரியில மனுவுல விளக்கிடுங்க. பெரிய மருந்துக்கும் இது வராதுன்னு இல்லை, 2022-ல டொலுடெக்ராவிர் தட்டுப்பாட்டுக்காக டெல்லியில நாகோ அலுவலகத்து வாசல்லயே வாரக்கணக்கா உட்கார்ந்தாங்க.

இன்னொரு வரி சேருங்க, இது பல எம்.பி.க்களுக்குத் தெரியாது. டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி-யையும் அடக்கி வைக்கிற மருந்து. ரெண்டு தொற்றும் உள்ளவங்களுக்கு இது திடீர்னு நின்னா கல்லீரல் அழற்சி திரும்பக் கிளம்பும், உயிருக்கே ஆபத்தாகலாம். "ஒரு வாரம்தானே"ன்னு சொல்றவங்களுக்கு இது பதில்.

வைரல் லோடு: தேசிய வழிகாட்டுதல்படி மருந்து தொடங்கி 6-வது மாசம், 12-வது மாசம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. வைரஸ் 1,000 பிரதிக்கு மேல வந்தா கூடுதல் ஆலோசனை கொடுத்து மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்த்துதான் மருந்தை மாத்தணும். ஒவ்வொரு முடிவும் ரெண்டு மாசம் தாமதமானா, வேலை செய்யாத மருந்தையே ஒருத்தர் ஏழெட்டு மாசம் விழுங்கிட்டு இருப்பார், எதிர்ப்புத்திறன் ஏறும், கடைசியில விலை கூடின மருந்துக்குப் போகணும். எண்ண வேண்டியது ரத்தம் எடுத்த தேதி, முடிவு கையில வந்த தேதி, அவ்வளவுதான்.

ஆனா ஒரு எச்சரிக்கை. தாமதம் எல்லாமே பணப் பிரச்னை இல்லை. சாம்பிள் வாரத்துக்கு ஒரு நாள்தான் அனுப்புறாங்க, ரத்தம் சிதைஞ்சு போச்சு, லேபிள்ல நம்பர் மாறிப்போச்சு, இதெல்லாம் மாவட்ட அளவுல டாப்குவிடம் (மாவட்ட எய்ட்ஸ் தடுப்புப் பிரிவு) பேசித் தீர்க்க வேண்டியது. கிட் இல்லை, மெஷின் பழுது, ரிப்பேர் ஒப்பந்தம் முடிஞ்சுது, லேப் டெக்னீஷியன் இடம் காலி, இந்த நாலுதான் நிதி சம்பந்தப்பட்டது. மனுவுல இந்த நாலு மட்டும் இருக்கணும். கலந்தடிச்சா, அதிகாரி லேபிள் விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு பதில் எழுதிடுவார்.

குறிப்பேடு

எம்.பி. என்னதான் செய்ய முடியும் என்ற கேள்விக்கு: எழுத்துப்பூர்வ பதில் வரும் வினாதான் இருப்பதிலேயே மலிவானது, பலன் தருவதும் அதுவே. நட்சத்திரக் குறியிட்ட வினா சபையில் வாய்மொழிப் பதிலுக்கு, மக்களவையில் நாளொன்றுக்கு 20 தான், குலுக்கலில் வர வேண்டும். குறியிடாத வினா நாளொன்றுக்கு 230 வரை ஏற்கப்படும், மாநிலவாரி அட்டவணையோடு பதில் வரும், இணையத்தில் நிரந்தரமாகக் கிடக்கும். அடுத்த மனுவுக்கு அதுவே ஆதாரம்.

விதிகள் கொஞ்சம் கறார். குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு. 150 சொல்லுக்குள். வாதம், குற்றச்சாட்டு, ஊகம் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் இருப்பதைக் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியால், பட்ஜெட் புத்தகத்திலேயே இருக்கும் மொத்தத் தொகையைக் கேட்டால் தள்ளுபடியாக வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டுக்கு விடுவித்த தொகை, தேதிவாரியாக என்று கேட்டால் அது புத்தகத்தில் இல்லாதது. சுகாதார அமைச்சகத்தின் முறை பல கூட்டத்தொடர்களாக மக்களவையில் வெள்ளி, மாநிலங்களவையில் செவ்வாய். கூட்டத்தொடர் அறிவிப்போடு வரும் வினா நாள் அட்டவணையில் சரிபார்த்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி நாளை எண்ணுங்கள்.

இப்படி எழுதினால் தேறாது:

"எச்.ஐ.வி உள்ளோர் மருந்தின்றித் தவிப்பதை அரசு அறியுமா, அறிந்தும் நிதியைக் குறைத்தது ஏன்?"

இப்படி எழுதுங்கள்:

"(அ) கடந்த ஐந்து நிதியாண்டுகளில் தேசிய எய்ட்ஸ் மற்றும் பால்வினை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகை மற்றும் ஒவ்வொரு தவணையும் விடுவிக்கப்பட்ட தேதி என்ன, (ஆ) இக்காலத்தில் ஏ.ஆர்.டி. மையங்களில் எந்த மருந்தின் இருப்பாவது ஒரு மாதத் தேவைக்குக் கீழே இறங்கியதா, ஆம் எனில் மருந்துவாரி, மையவாரி விவரம் என்ன. (இ) ஆண்டுவாரியாக வைரல் லோடு பரிசோதனை செய்யப்பட வேண்டியவர்கள் எத்தனை பேர், செய்யப்பட்டவர்கள் எத்தனை பேர். (ஈ) ஒப்புதல் பெற்ற ஒப்பந்தப் பணியிடங்களில் காலியானவை எத்தனை. (உ) 2026 மார்ச் 31-க்குப் பிந்தைய காலத்துக்கான ஒதுக்கீடு என்ன?"

இதை ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து கொடுங்கள். மக்களவை அலுவலகம் வினா அறிவிப்பை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் வாங்கும். தமிழ்ப் பிரதி எம்.பி. படிக்க. ஸ்கேன் செய்த பி.டி.எஃப் வேண்டாம், திருத்தக்கூடிய கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புங்கள். எம்.பி.யின் கணக்கில் நுழைந்து பதிவேற்றுவது அவருடைய உதவியாளர். அவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால் அந்த வினா மேஜையிலேயே கிடக்கும்.

மக்களவையில் 377-வது விதியின் கீழும், மாநிலங்களவையில் சிறப்புக் கவனக் குறிப்பாகவும் 250 சொல்லுக்குள் ஒரு பிரச்னையை எழுப்பலாம், அமைச்சர் பிறகு எழுத்தில் பதில் தருவார். வெட்டுத் தீர்மானம் பற்றி யாராவது சொல்வார்கள், 100 ரூபாய் அடையாள வெட்டு கொடுத்து ஒரு குறையைச் சபைக்குக் கொண்டுவருவது. பாடப்புத்தகத்தில் அழகாக இருக்கும். மானியமே கில்லட்டினில் போகும்போது வெட்டுத் தீர்மானமும் அதோடு போய்விடும்.

உங்கள் எம்.பி. ஒருவரோடு நிற்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு 18 பேர் இருக்கிறார்கள். தொகுதிக்காரர்கள் கூட்டம் அங்கே குறைவு, வினா கேட்கப் பொருள் தேடுபவர்களும் அவர்களில் உண்டு.

தொகுதி நிதி: எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, நம் எம்.எல்.ஏ.க்களுக்கு 3 கோடி. எம்.பி. நிதி நிலையான பொதுச் சொத்து உருவாக்க மட்டும்தான். மாத்திரை, கிட், சம்பளம் போன்ற தொடர்செலவுக்குத் தொடவே முடியாது. எம்.எல்.ஏ. நிதியும் அடிப்படையில் சொத்து, கட்டுமானம் வகைதான். அரசு மருத்துவமனைக்குக் கருவி, ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தனி அறை, காத்திருப்போர் கூடம், இப்படிக் கேட்கலாம். அதிலும் "ஏ.ஆர்.டி. மையம்" என்று கொட்டை எழுத்தில் தனிக் கட்டடம் கேட்டுவிடாதீர்கள். உள்ளே போகிறவரை ஊரே பார்க்கும்.

கோர்ட்டுவாசல்

சட்டம் பற்றி ஒரு திருத்தம், ஏனென்றால் இந்த மாதிரி மனுக்களில் தவறாமல் வரும் வாக்கியம் "2017 சட்டம் இலவச சிகிச்சையை உறுதி செய்துள்ளது" என்பது. எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2018 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 14-வது பிரிவு பரிசோதனை வசதி, கூட்டு மருந்து, சந்தர்ப்பவாதத் தொற்று சிகிச்சை மூன்றையும் "இயன்ற வரை" தரும் நடவடிக்கை எடுக்க மத்திய, மாநில அரசுகளைச் சொல்கிறது. அந்த "இயன்ற வரை" வேண்டாம் என்று மசோதா காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது. சட்டம் கதவை முழுதாகத் திறக்கவில்லை, அந்த இடைவெளியை அடைப்பது ஆண்டு ஒதுக்கீடுதான். மனுவில் இதை இப்படியே எழுதினால் எம்.பி.க்குப் பேசக் கிடைக்கும் ஒரு நல்ல வாதமாகும். 14-வது பிரிவு இரண்டு அரசுகளையும் சொல்வதால் எம்.எல்.ஏ. மனுவிலும் அதே வரியைப் போடலாம்.

அதே சட்டத்தின்படியான குறைதீர்ப்பாளரிடம் நிதி விஷயம் போகாது. பாகுபாடு, சிகிச்சை மறுப்பு என்றால் மட்டும் அங்கே. அவசர சிகிச்சை என்றால் 24 மணி நேரத்தில், மற்றபடி 30 நாளில் உத்தரவு என்று சட்டம் சொல்கிறது.

எண்கள் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமை மனு போடுங்கள். டான்சாக்ஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. கேட்க வேண்டியது: வருடாந்திரச் செயல்திட்டத்தில் நாகோவிடம் கேட்ட தொகை, நாகோ ஒப்புக்கொண்ட தொகை, வந்த தேதிகள், செலவான தொகை. 30 நாள் கெடு. "ஏன்" என்று கேட்காதீர்கள், தகவல் உரிமையில் காரணம் கேட்டால் "கருத்து கோருவதால் இயலாது" என்று திருப்பிவிடுவார்கள். "நகல் தருக" என்று கேளுங்கள்.

எம்.எல்.ஏ. பக்கம்: மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை எண் 19. அதோடு வெளிவரும் கொள்கை விளக்கக் குறிப்பில் டான்சாக்ஸுக்கு ஒரு பகுதி இருக்கும், முந்தைய ஆண்டுக் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன கேட்கலாம்? மத்திய மருந்து தாமதமானால் உள்ளூர்க் கொள்முதலுக்கு மாநிலம் ஒரு சுழல்நிதி வைத்து, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வாங்க வேண்டும். சிடி4 (நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை) 200-க்குக் கீழே இருப்பவர்களுக்குக் காசநோய், கிரிப்டோகாக்கஸ் (மூளையைத் தாக்கும் பூஞ்சை) பரிசோதனையும் அதற்கான மருந்தும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எப்போதும் இருக்க வேண்டும். உழவர் பாதுகாப்புத் திட்ட மாத உதவித்தொகையில் நிலுவை விண்ணப்பங்கள் எத்தனை, குழந்தைகள் அறக்கட்டளையின் வட்டியில் நம் மாவட்டத்துக்கு வந்தது எவ்வளவு. இந்த நான்கில் இரண்டை எடுங்கள், நான்கையும் வேண்டாம்.

சட்டமன்ற மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். குழு மாவட்டத்துக்கு வரும்போது கலெக்டர் அலுவலகம் மூலம் அறிவிப்பு வரும். தமிழில், ஐந்து பிரதி, ஒரு மனுவில் ஒரே பிரச்னை, ஒரே துறை. தனிநபர் குறை, கோர்ட்டில் இருக்கும் விஷயம் எடுக்க மாட்டார்கள். உள்ளூர்க் கொள்முதல் நிதி அந்தக் குழுவுக்குச் சரியான பொருள்.

கதவடைத்தபின்

கையெழுத்து விஷயத்தை யாரும் தொடவில்லை. இதில் தவறு நடந்தால் நிதி வந்தாலும் ஆள் வர மாட்டார்கள்.

மனுவில் எச்.ஐ.வி உள்ள ஒருவர்கூடக் கையெழுத்துப் போடத் தேவையில்லை. பதிவு பெற்ற சங்கத்தின் செயலாளர் என்று ஒரு கையெழுத்து போதும். அவரும் வெளியே தெரிய விரும்பாதவர் என்றால் வக்கீல், ஓய்வுபெற்ற டாக்டர், தொழிற்சங்கம், மகளிர் குழுக் கூட்டமைப்பு என்று யாராவது அனுப்பட்டும். லெட்டர்பேடில் சங்கப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும், நேரில் யார் போவது என்று முடிவு செய்யும்போது இதையும் யோசியுங்கள். தகவல் உரிமை மனுவும் இப்படியே, அதன் நகல் எத்தனை மேஜை சுற்றும் என்று சொல்ல முடியாது. நாடாளுமன்றத்துக்கும் மனுக்கள் குழுவுக்கும் பெயர், முகவரி, கையெழுத்து கட்டாயம், அங்கே கண்டிப்பாகத் தோழமை ஆட்கள்தான்.

எண்களும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். "இந்த ஊராட்சியில் 3 பேர்" என்று எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம். மாவட்ட அளவுக்குக் கீழே எந்த எண்ணும் வேண்டாம். குழந்தைகள் பற்றிய எண்ணில் பள்ளி, வகுப்பு, வயது சேர்ந்து வரக் கூடாது.

போட்டோ: எம்.பி. ஆபீஸ் போனால் உதவியாளர் மொபைலை எடுப்பார், அரை மணி நேரத்தில் முகநூலில் ஏறும், கட்சி வாட்சப் குழுக்களில் சுற்றும். நேரம் வாங்கும்போதே போனில் சொல்லிவிடுங்கள், வாசலில் ஒருமுறை மறுபடி சொல்லுங்கள். மனுவின் அடியிலும் ஒரு வரி: "இச்சந்திப்பின் படத்தையோ வந்தவர் பெயர்களையோ வெளியிட வேண்டாம், எச்.ஐ.வி நிலையை உரியவர் ஒப்புதலின்றி வெளிப்படுத்துவதை 2017 சட்டத்தின் 8-வது பிரிவு தடுக்கிறது." படம் வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டால் தோழமை ஆட்கள் இருவர் மட்டும் நின்று எடுத்துக்கொள்ளட்டும். அது அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது, மறுத்தால் வேலை நடக்காது.

நெல்லைச்சீமை

எல்லோருக்கும் நன்றி. நாலு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எம்.பி. மனுவை ஒரு பக்கமாக்கியிருக்கிறேன். கோடிட்ட இடங்களை ஒரு மாதக் கணக்கு எடுத்தபின் நிரப்புவேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"பொருள்: எய்ட்ஸ் நோயாளிகளுக்கான சிகிச்சை நிதி – நாடாளுமன்றத்தில் வினா எழுப்ப வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா, நமது மாவட்ட ஏ.ஆர்.டி. மையத்தில் ___ மாதம் விசாரித்த 100 பேரில் ___ பேருக்கு 30 நாளுக்குக் குறைவான மருந்தே தரப்பட்டது. வைரல் லோடு முடிவு வரச் சராசரியாக ___ நாள் ஆகிறது. காலியாக உள்ள லேப் டெக்னீஷியன் பணியிடம், கிட் தட்டுப்பாடு இரண்டும் காரணம். இவற்றுக்கான செலவு முழுவதும் மத்திய அரசின் திட்டத்தில் அடங்கும். அத்திட்டத்துக்கு ___ ஆண்டு பட்ஜெட்டில் ரூ.___ கோடி அறிவிக்கப்பட்டு, திருத்திய மதிப்பீட்டில் ரூ.___ கோடியாக்கப்பட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில். மாநில எய்ட்ஸ் சங்கம் 1994-லேயே இங்கு தொடங்கப்பட்டது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது தாம்பரம் அரசு மருத்துவமனையும் அதில் ஒன்று. முன்னோடியான தமிழகத்தின் குரல் அவையில் ஒலிக்க வேண்டும். இணைப்பில் உள்ள வினாவை எழுப்பியும், திருத்திய மதிப்பீட்டில் குறைக்க வேண்டாம் எனச் சுகாதார அமைச்சருக்குக் கடிதம் எழுதியும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

குறிப்பேடு

நன்றாக வந்திருக்கிறது, நாலு திருத்தம்.

"எய்ட்ஸ் நோயாளிகள்" வேண்டாம், "எச்.ஐ.வி உள்ளோர்". மருந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள். நோயாளி என்ற சொல் விழுந்தால் இதைக் கருணை மனுவாகப் படித்துவிடுவார்கள்.

"முன்னோடியான தமிழகத்தின் குரல்" வரியை எடுத்துவிடுங்கள். அதற்கு முன் உள்ள மூன்று ஆண்டுகளும் போதும், பேச்சு எழுதித் தரும் உதவியாளர் அதை அவரே சேர்த்துக்கொள்வார்.

"ஆவன செய்யுமாறு" என்றால் அலுவலக மொழியில் கோப்பில் போடு என்று அர்த்தம். "வரும் ___ கூட்டத்தொடரில் ___ தேதிக்கான வினாவாக ___ தேதிக்குள் அறிவிப்பு தர வேண்டும்" என்று தேதி போட்டு முடியுங்கள். சபையில் வரும் வெள்ளிக்கு முந்தைய 15 முழு நாளையும் உதவியாளர் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார், நீங்களே எண்ணிக் கொடுங்கள்.

கடிதத்தையும் நீங்களே எழுதி இணையுங்கள், அவர் லெட்டர்பேடில் ஏற்றிக் கையெழுத்துப் போட வேண்டிய வேலை மட்டும் மிச்சமிருக்கட்டும்.

மருந்துப்பெட்டி

"சராசரியாக ___ நாள்"ங்கறதை மட்டும் மாத்துங்க. ரெண்டு பேருக்கு முடிவு 150 நாள் கழிச்சு வந்திருந்தா சராசரி தூக்கிக் காட்டும், அதிகாரி அந்த ரெண்டையும் "விதிவிலக்கு"ன்னு தள்ளிட்டு உங்க கணக்கையே உடைச்சிடுவார். "100 பேரில் ___ பேருக்கு 30 நாளைத் தாண்டியது"ன்னு தலை எண்ணிக்கையா போடுங்க.

பட்ஜெட்_பித்தன்

கொடுத்தபின் ஒரு வேலை. மனுவுக்கு டைரி எண் வாங்குங்கள், பத்து நாள் கழித்து உதவியாளருக்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எம்.பி. எழுதிய கடிதத்துக்கு அமைச்சரின் பதில் எம்.பி. முகவரிக்குத்தான் வரும், உங்களுக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பதிலில் "போதிய நிதி" என்று மட்டும் இருந்தால், அந்தத் தாளையே இணைத்து பிப்ரவரி முதல் வாரத்தில் நிலைக்குழு உறுப்பினரிடம் போங்கள்.